பயிற்சிக்கு அனுப்புவதா, ஏசி போடுவதா? வட்டியில்லாக் கடன் சங்கம் நடத்தும் ஒரு தம்பிக்குப் பதில்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டு நீளமாகப் பதில் எழுதிவிடக் கூடாது. கடையநல்லூர்ப் பக்கம் ஒரு வட்டியில்லாக் கடன் சங்கத்துக்குப் பொறுப்பாளராக இருக்கிறீர்கள். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் எல்லாரையும் ஒரு பயிற்சிக்கு அனுப்பியும் வேலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இந்த வருடம் நிர்வாகக் குழு கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. இஸ்லாமிய வங்கிகளில் குழுவாகக் கற்பதும் நல்ல பணிச்சூழலும் ஊழியர் செயல்திறனைக் கூட்டுகின்றன என்று ஓர் ஆய்வில் படித்தீர்கள். அதனால் மூன்று நாள் சென்னைப் பயிற்சியா, அலுவலகத்துக்கு ஏசியும் புது மேசைகளுமா, எது பலன் தரும் என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘என் ஆட்கள் நல்லவர்கள், ஆனால் ஒருவர் செய்த தவறை அடுத்த மாதம் இன்னொருவர் செய்கிறாரே, ஏன்?’ நான் பதில் சொல்லப் போவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குத்தான்.

நான் மேலப்பாளையத்துக்காரன். வளைகுடாவில் ஓர் இஸ்லாமிய வங்கியில் பத்தொன்பது வருடம் இருந்தேன். முதல் பாதி வாகனக் கடன் பிரிவில் பைல் பார்க்கிற வேலை, பிற்பாதி புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊர் திரும்பியபின் இங்கே ஒரு சிறிய சங்கத்தின் கணக்குகளுக்கு உதவி செய்கிறேன். நான் ஆலிம் இல்லை. மார்க்கச் சட்டம் வரும் இடங்களில் நான் சொல்வதை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆய்வு. இந்த வகை ஆய்வுகள் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நிறைய வருகின்றன. அங்கே வங்கிகளும் அதிகம், ஆய்வு மாணவர்களும் அதிகம். மலேசியாவில் 1983-லேயே பேங்க் இஸ்லாம் வந்துவிட்டது. இந்தோனேசியாவில் 1992-ல் பேங்க் முஆமலாத் செயல்படத் தொடங்கியது, 2021-ல் அரசு சார்ந்த மூன்று ஷரீஅத் வங்கிகளை ஒன்றாக்கிப் பெரிய வங்கி ஒன்றை உருவாக்கினார்கள். ஆய்வு நடக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். ஊழியரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். ‘எங்கள் குழுவில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறோம்’, ‘என் பணியிடம் வசதியாக இருக்கிறது’, ‘என் வேலையை நான் நன்றாகச் செய்கிறேன்’ என்ற மாதிரி வாக்கியங்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். மூன்றையும் சொல்வது ஒரே ஆள், ஒரே நாள், ஒரே தாள். வேலையில் திருப்தியாக இருக்கிறவர் மூன்றுக்கும் நாலும் ஐந்தும் போடுவார், மேனேஜரோடு மனக்கசப்பில் இருக்கிறவர் மூன்றுக்கும் இரண்டு போடுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றுக்கும் நல்ல தொடர்பு வரத்தானே செய்யும்? அதை வைத்து ஒன்றினால் இன்னொன்று விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. வேலை நன்றாக நடக்கிற கிளையில் சூழலும் தானாக நன்றாகிவிடுகிறது என்று திருப்பியும் வாசிக்கலாம். ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சங்கத்துப் பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுக்கிற அளவுக்கு அது தாங்காது, அவ்வளவுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த வங்கிகள் முழு வங்கிகள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 1949-ஆம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது, பொருளை வாங்கி லாபம் சேர்த்து விற்கும் முராபஹா முறையோ அந்த வாங்கி விற்பதில்தான் நிற்கிறது. 2008-ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் அந்த யோசனையை மேலே கொண்டுபோவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் தகவல் உரிமைச் சட்டக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டது. ஆகவே நம் பக்கம் மிஞ்சியிருப்பது பைத்துல்மால் என்ற ஊர்ப் பொதுநிதியும், கூட்டுறவுச் சங்கமும், நகையை ஈடாக வாங்கிக்கொண்டு அழகிய கடன், அதாவது வட்டியில்லாக் கடன் கொடுக்கும் உங்களைப் போன்ற அமைப்புகளும்தான். ஷரீஅத் குழுவும், ஆடிட் துறையும், முந்நூறு கிளைகளும் இருக்கிற இடத்தில் கண்டதை ஒன்பது பேர் இருக்கிற அறையில் அப்படியே இறக்கி வைக்க முடியாது.

சரி, இனி எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதிக்கு வருகிறேன். இஸ்லாமிய வங்கி வேலையில் தவறு என்பதே தனி ரகம். மற்ற வங்கியில் தொகையைத் தப்பாக எழுதினால் திருத்திவிடலாம். முராபஹாவில் வரிசை முக்கியம். வாடிக்கையாளர் ‘இந்தக் காரை நீங்கள் வாங்கினால் உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுப்பார். வங்கி ஷோரூமிலிருந்து காரை வாங்க வேண்டும், அது வங்கியின் கைக்கும் பொறுப்புக்கும் வர வேண்டும், அப்புறம்தான் லாபம் சேர்த்து வாடிக்கையாளருக்கு விற்கலாம். காரும் அதேதான், தொகையும் அதேதான், கையெழுத்தும் அதேதான். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு காரை வாங்கினால், தன்னிடம் இல்லாத ஒன்றை விற்றதாக ஆகிவிடும். அதில் வந்த லாபத்தை வங்கி தன் வருமானமாக வைத்துக்கொள்ள முடியாது, தர்மத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பைலை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது. செய்தவருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும்தான் தெரியும்.

என் பிரிவில் இது நடந்தது. அங்கே அப்போது வாரக் கடைசி வியாழன். அவசரம். ஷோரூமிலிருந்து விலைச்சீட்டு வருவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒருவரிடம் தொடங்கி மூன்று பேருக்குப் பரவியது. ஷரீஅத் ஆடிட் வந்தபோது ஒரே மாதத்தில் பதினொரு பைல் சிக்கியது. நாங்கள் எல்லாருமே அந்த வருடம் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள். முராபஹாவின் படிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம். பக்கத்தில் நடந்தது எனக்கும் தெரியும், நானும் வாய் திறக்கவில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால் ஒரு கேரளத்துப் பையன் தானாகப் போய்த் தன் தவறைச் சொன்னான். அப்போதிருந்த மேனேஜர் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, ‘ஹராமைச் சாப்பிட வைக்கப் பார்த்தாயா’ என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்தப் பிரிவில் எவரும் எதையும் சொல்லவில்லை. பணிச்சூழல் என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நிமிடம்தான். அந்த அறையில் ஏசி இருந்தது, கண்ணாடி மேசை இருந்தது, தொழுகைக்குத் தனியிடம் இருந்தது.

மார்க்கப் பெயரில் நடக்கும் அமைப்புகளுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது என் கருத்து. வேலையில் வரும் பிழை சீக்கிரமே பாவமாகப் பேசப்படுகிறது. பிழையை ஒத்துக்கொள்ளலாம், பாவத்தை ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. நம் சங்கங்களில் ஜமாஅத் பெரியவர்களே நிர்வாகக் குழுவிலும் இருப்பார்கள். கவுண்டரில் இருக்கும் பெண்ணின் மாமனார் அவர்களில் ஒருவருக்கு உறவாக இருப்பார். அலுவலகத்தில் சொன்னது அஸர் தொழுகைக்குள், சாயங்காலத்துக்குள், தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் வெறும் கற்பனையில்லை.

இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் நான் நம்பி எடுத்துக்கொள்வது ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் செய்தவை. அமெரிக்காவில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நன்றாக ஒத்துழைக்கிற பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிக்கை அங்கேதான் கூடுதலாக வந்தது. ஆராய்ந்தபோது, அங்கே தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்ற விளக்கம் கிடைத்தது. அந்த ஆய்வு 1996-ல் வெளியானது. 1999-ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை எடுத்துப் பார்த்தார். பேசினால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை இருக்கிற குழு கற்கிறது, கற்கிற குழு நன்றாக வேலை செய்கிறது என்பது அவர் கண்ட தொடர்பு. அங்கே செயல்திறனைக் குழுவில் இல்லாத ஆட்களும் மதிப்பிட்டார்கள், அதனால் நான் முன்னால் சொன்ன ஒரே தாள் குறை இதில் குறைவு. இவை மேற்கத்திய நிறுவனங்கள், நம் ஊரின் மரியாதைப் பழக்கங்கள் அங்கே இல்லை. அதை மறக்காமல்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழுவாகக் கற்பது புது விஷயமும் இல்லை தம்பி. என் உம்மா பீடி சுற்றியவர். மேலப்பாளையத்தில் எங்கள் தெருத் திண்ணையில் ஆறேழு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ‘இந்த வாரம் இலை காய்ஞ்சு வந்திருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்’ என்று ஒருவர் சொல்வார். கம்பெனியில் செக்கர் கழித்துப் போட்ட கட்டைத் திரும்பக் கொண்டுவந்து, எதனால் கழித்தான் என்று எல்லாரும் பிரித்துப் பார்ப்பார்கள். புதிதாக வந்த பிள்ளை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். எத்தனை கட்டு சுற்றினாரோ அத்தனைக்குத்தான் கூலி, ஆனாலும் யாரும் மறைக்கவில்லை. கழிந்த கட்டு எல்லாருக்கும் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் வெட்கம் இல்லை. உங்கள் அலுவலகத்துக்கு வேண்டியது அந்தத் திண்ணை.

ஏசியைப் பற்றிக் கேட்டீர்கள். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் ஒன்று சொன்னார். சம்பளம், அறை, விதிமுறை போன்றவை மோசமாக இருந்தால் ஆள் நொந்துபோவான், அவை நன்றாக இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்பது அவர் கருத்து. சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி எழுதியது அது, அவர் முறையைப் பலர் பிற்பாடு குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. மே மாதத்தில் நம் பக்கத்து வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் நகையை எடைபோட்டு ரசீது எழுதுகிறவருக்கு எண் மாறத்தான் செய்யும். அப்படி இருந்தால் தயங்காமல் ஏசி போடுங்கள், அது அடிப்படைத் தேவை. ஓட்டு வீடு, நல்ல காற்றோட்டம் என்றால் இரண்டு மின்விசிறி போதும். அதற்கு மேல் பணம் இருந்தால் கவுண்டருக்குப் பக்கவாட்டில் ஒரு தடுப்பு போடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிற ஒரு பெண், பின்னால் நிற்கிற நாலு பேர் பார்க்க அதைச் செய்யக் கூடாது. அவர் கூச்சப்பட்டு அவசரப்படும்போது உங்கள் ஊழியரும் அவசரப்படுகிறார். கவர் மாறுவது, பெயர் மாறுவது எல்லாம் அப்போதுதான் நடக்கிறது.

சென்னைப் பயிற்சிக்கு ஒன்பது பேரையும் அனுப்ப வேண்டாம். தெரியாததால் வரும் தவறுக்குப் பயிற்சி மருந்து. தெரிந்தும் சொல்லாததால் வரும் தவறுக்கு அது உதவாது. போன வருடப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனால் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள். ‘வட்டி இல்லேங்குறீங்க, அப்புறம் இந்தச் சேவைக் கட்டணம் எதுக்கு?’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் உதவி செய்யும் சங்கத்தில் இதைக் கேட்டபோது நாலு விதமான பதில் வந்தது. ஒருவர் ‘கடன் தொகையில் இவ்வளவு விழுக்காடு’ என்றார். அந்தப் பதில் ஆபத்தானது. கடனுக்கு வாங்கும் கட்டணம் உண்மையில் ஆன செலவுக்கு மேல் போகக் கூடாது என்பது இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலைகள் வகுக்கும், பஹ்ரைனில் 1991-ல் அமைந்த அயோஃபி அமைப்பின் 19-ஆம் தரநிலையில் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கும் எழுத்து வேலை ஒன்றுதான், பாதுகாப்புச் செலவில் வேண்டுமானால் வித்தியாசம் இருக்கலாம். தொகை கூடக் கூடக் கட்டணமும் கூடினால் கேட்கிறவர் அதை வட்டி என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஒன்பது பேரும் ஒரே பதிலைச் சரியாகச் சொன்னால் பயிற்சி தேவையில்லை. பதில் சிதறினால் இரண்டு பேரை மட்டும் அனுப்புங்கள், வந்ததும் மற்ற ஏழு பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் அவர்களே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தவன் வகுப்பில் கவனிக்கிற கவனமே வேறு.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த சூடானியப் பெரியவர் ஒருவர் இதைக் கொண்டுவந்தார், நான் ஊருக்கும் கொண்டுவந்தேன். வாரத்தில் ஒருநாள், கதவை அடைத்தபின் அரைமணி நேரம். நடுவில் ஒரு நோட்டு. அந்த வாரம் எது பிசகியது, எது பிசகப் பார்த்தது, ஏன், அடுத்தமுறை என்ன மாற்றம். இவ்வளவுதான் பேச்சு. நோட்டில் தவறு இருக்கும், ஆள் பெயர் இருக்காது. வேலையில் இளையவர் முதலில் பேசுவார், பொறுப்பாளர் கடைசியில். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் நம் ஊரில் மற்றவர்கள் ‘ஆமா’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிர்வாகக் குழுவினர் யாரும் அந்த அரைமணி நேரத்தில் இருக்க வேண்டாம். பெண் ஊழியர்கள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரும்படி நேரம் வையுங்கள், இல்லையென்றால் அவர்கள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘அவர்களின் காரியம் தமக்குள் கலந்தாலோசிப்பதாக இருக்கும்’ என்று குர்ஆனின் 42-ஆம் அத்தியாயத்தில் வருகிறதே, அதைச் சொல்லி ஆரம்பித்தால் உங்கள் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் கூடிப் பேசிப் பார்க்கும் இந்த முறைக்கு ஆதாரம் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கிறது. டேனன்பாம், செரசோலி என்ற ஆய்வாளர்கள் இருவர் 2013-ல் இதைப் பற்றிய பல ஆய்வுகளிலிருந்து 46 மாதிரிக் குழுக்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படிப் பேசியவர்களின் செயல்திறன் பேசாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 25 விழுக்காடு கூடியிருந்தது. உங்கள் சங்கத்தில் அதே அளவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது பல இடங்களின் சராசரி.

ஒரு எல்லையை மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கை தவறியதும், தெரியாமல் செய்ததும், அவசரத்தில் வரிசை மாறியதும் நோட்டுக்கு உரியவை. அவற்றை யார் சொன்னாலும் தண்டனை இல்லை. தெரிந்தே எடையைக் குறைத்து எழுதியது, பணத்தை எடுத்தது, உறவுக்காரருக்குக் கள்ளக் கையெழுத்து போட்டது இவை அமானிதத்தை, நம்பி ஒப்படைத்ததை, முறித்த குற்றங்கள். அவற்றுக்கு நோட்டில் இடமில்லை, நிர்வாகக் குழுவுக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் ஒன்று எல்லாரும் பயப்படுவார்கள், இல்லை ஒருவர் துணிந்துவிடுவார்.

எதை அளப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடாதீர்கள். வசூலுக்கு ஏற்றபடி தனி ஊக்கத்தொகை வைத்த ஒரு சங்கத்தை இங்கே பார்த்தேன். ஒருவர் தன் வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்ததை அடுத்தவரிடம் சொல்வதையே நிறுத்திவிட்டார். இது ஓர் இடத்தில் கண்டது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சங்கத்துக்கு மொத்தமாக மூன்று எண் போதும். மனு கொடுத்த நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள், ஒரு தாள் குறைகிறது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், நகையைத் திருப்ப வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார். ஆறு மாதம் எழுதி வையுங்கள். நோட்டில் ஏறும் தவறுகளின் எண்ணிக்கை முதல் இரண்டு மாதம் கூடும். அதைப் பார்த்து நிர்வாகக் குழு, ‘இந்தக் கூட்டம் ஆரம்பித்தபிறகுதான் தவறே அதிகமாகிவிட்டது’ என்று சொல்லும். அந்த மருத்துவமனைக் கதையை இப்போதே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள், அப்போது போய்ச் சொன்னால் சமாளிப்பாகத் தெரியும்.

முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். தேநீரைக் குடித்துவிட்டு, ‘எல்லாம் நல்லாத்தான் போகுது காக்கா’ என்பார்கள். இளையவர் முதலில் பேச வேண்டும் என்று சொன்ன விதியை அந்த ஒருநாள் மட்டும் தள்ளி வையுங்கள். உங்கள் கையால் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை அவர்கள் பார்க்க எழுதுங்கள். பெயர் கூடாது என்ற விதியையும் அந்தப் பக்கத்தில் மட்டும் மீறி உங்கள் பெயரைப் போடுங்கள்.